வைண்டிங்கில் தேங்கிய ஆர்டர்கள்: கோவைப் பம்பு ஆலை ஒன்றின் உற்பத்தி அட்டவணை குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோவை மாவட்டத்தில் சூலூர் பக்கம் உள்ள நடுத்தர அளவுப் பம்பு ஆலை இது. ஆறு அங்குல, நாலு அங்குல சப்மெர்சிபிள் பம்புகள்தான் பிரதான சரக்கு. கொஞ்சம் மோனோபிளாக்கும் உண்டு. இரண்டாம் தலைமுறை நடத்துகிறது. அண்ணன் டீலர்களையும் வசூலையும் பார்க்கிறார், தம்பி ஆலையைப் பார்க்கிறார். சில ஆண்டுகளுக்கு முன், ஆலையின் எல்லாப் பிரிவையும் ஒரே இடத்தில் இணைக்கும் ஈஆர்பி மென்பொருள் ஒன்றை வாங்கினார்கள். கணக்கு, ஸ்டோர்ஸ், கொள்முதல், ஜிஎஸ்டி எல்லாம் அதில் சிக்கலில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. உற்பத்தித் திட்டமிடல் பகுதியைக் கடைசியாகத்தான் திறந்தார்கள். அதோடு தொல்லையும் தொடங்கியது.

கார்த்திகை மாதம் என்னை அழைத்தபோது தம்பி சொன்னது இதுதான்: "சாஃப்ட்வேர் ஒரு தேதி சொல்லுது, சரக்கு ஒரு தேதி சொல்லுதுங்க. டீலருக்கு நான் எதைச் சொல்றது? பேசாம பழைய எக்செலுக்கே போயர்லாமான்னு இருக்குது."

பம்புத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்காக வேலை நடக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் பக்கம் ஸ்டாம்பிங் தகடுகளை அடுக்கி, மோட்டாரின் சுழலாத பகுதியான ஸ்டேட்டர் கோர் தயாராகும். அதில் தாமிரக் கம்பி சுற்றும் வைண்டிங் நடக்கும். ரோட்டார், ஷாஃப்ட், த்ரஸ்ட் பேரிங் சேர்த்து மோட்டாரைப் பூட்டுவார்கள். பம்பு பக்கம் இம்பெல்லரும் டிஃப்யூசரும் சேர்ந்தது ஒரு ஸ்டேஜ். கிணறு ஆழமாக ஆக ஸ்டேஜ் கூடும். இரண்டையும் இணைத்து, தொட்டியில் இறக்கி டெஸ்ட் செய்து, பேக்கிங்குக்கு அனுப்புவார்கள்.

1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகு பஞ்சாலைகளோடு சேர்ந்து வளர்ந்த ஊர் என்பதால், கோவையில் எந்த வேலைக்கும் ஜாப் ஒர்க் ஆள் கிடைக்கும். கேஸ்டிங், டர்னிங், ஷாஃப்ட் கிரைண்டிங் எல்லாவற்றுக்கும் கணபதி, ஆவாரம்பாளையம், சிட்கோ பக்கம் போன் போட்டால் மறுநாள் டெம்போ வந்து நிற்கும். இந்த ஆலை வெளியே கொடுக்காத வேலை ஒன்றே ஒன்று: ஆறு அங்குல மோட்டார் வைண்டிங். உள்ளே தண்ணீர் நிரம்பி ஓடும் மோட்டார் அது. கம்பியின் உறையில் ஒரு கீறல் விழுந்தாலும் காப்பு போய், ஆயிரம் அடி போர்வெல்லுக்குள் மோட்டார் எரிந்துவிடும். அதை மேலே தூக்க வண்டி, ஆள், ஒரு நாள் கூலி. அந்தச் செலவு எல்லாம் டீலர் தலையிலும், கடைசியில் கம்பெனி பேரிலும் விழும். அதனால் வைண்டிங் மட்டும் வீட்டுக்குள்ளேயே.

மென்பொருள் தேதியை எங்கிருந்து எடுத்தது

முதலில் பார்த்தது மென்பொருளின் கணக்கை. அதில் பிழை எதுவும் இல்லை.

இப்படிப்பட்ட மென்பொருள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வழியில்தான் போகும். டீலர் ஆர்டரையும் முன்கணிப்பையும் எடுத்துக்கொள்ளும். ஒரு பம்புக்கு என்னென்ன உதிரி, எத்தனை என்று பட்டியலின்படி பிரிக்கும். கையிருப்பையும் ஏற்கெனவே ஓடும் ஆர்டரையும் கழிக்கும். மீதிக்கு, கொடுக்க வேண்டிய தேதியிலிருந்து லீட் டைமை, அதாவது தொடங்கி முடிக்க ஆகும் நாட்களை, பின்னோக்கி எண்ணி, தொடங்க வேண்டிய தேதியைப் போடும். இந்த லீட் டைம் என்பது பொருளின் பதிவேட்டில் யாரோ எப்போதோ தட்டிவைத்த ஓர் எண். பத்து மோட்டார் என்றாலும் இருநூறு மோட்டார் என்றாலும் அதே எண்தான். அன்று ஆலையில் கூட்டமா, காலியா என்பதை அது பார்க்காது. எந்த மெஷினுக்கும் எல்லையே இல்லாத நேரம் இருப்பதாக எடுத்துக்கொண்டு, எல்லா ஆர்டரையும் ஒரே நாளில் வேண்டுமானாலும் அடுக்கும்.

ஆறு அங்குல மோட்டாருக்கு அந்த எண் 21 நாள். மென்பொருளைத் திறந்தபோது 10 என்று இருந்ததாம். தாமதம் வர வர, "கொஞ்சம் முன்னாடியே ஆரம்பிச்சா முடிஞ்சிரும்" என்று 14 ஆக்கினார்கள். அப்புறம் 21. ஆனால் ஒரு மோட்டாரின் மேல் யாராவது கைவைக்கும் நேரத்தை மட்டும் கூட்டினால் இரண்டு, மூன்று வேலை நாளுக்கு மேல் வராது. மீதி எல்லாம் காத்திருப்பு.

லீட் டைமைக் கூட்டினால் என்ன ஆகும்? மென்பொருள் ஆர்டரை ஒரு வாரம் முன்னதாக வெளியிடச் சொல்லும். தரையில் ஒரு வாரத்து ஆர்டர் கூடுதலாக இறங்கும். வரிசை நீளும். காத்திருப்பு கூடும். தாமதம் ஆனதால் மறுபடி லீட் டைமைக் கூட்டத் தோன்றும். இந்த ஆலையில் இது இரண்டு சுற்று நடந்திருக்கிறது. மூன்றாவது சுற்றுக்கான கோரிக்கை, 30 நாளாக்கச் சொல்லி, மேசையில் கிடந்தது.

தரையில் கண்டது

கணினியில் ரிலீஸ் ஆகி, அதாவது வேலைக்கு வெளியிடப்பட்டு, முடியாமல் கிடந்த உற்பத்தி ஆர்டர்கள் 600-ஐ ஒட்டி இருந்தன. அச்சடித்து எடுத்துக்கொண்டு, திட்டமிடல் பிரிவில் இருக்கும் பையனோடு ஒவ்வொரு ரேக்காக, ஒவ்வொரு தள்ளுவண்டியாக நடந்தோம். மூன்றில் ஒரு பங்கு ஆர்டருக்குத் தரையில் ஒரு துண்டு இரும்புகூட இல்லை. சில எப்போதோ முடிந்து டெஸ்பாட்ச் ஆகிவிட்டவை, மூடப்படவில்லை. சில ஆர்டரின் ஸ்டேட்டரை அவசரத்துக்கு வேறு ஆர்டருக்கு எடுத்துவிட்டிருந்தார்கள். கடைசி ஆபரேஷன் முடியும்போதுதான் எல்லா உதிரியும் மொத்தமாகக் கழியும்படி அமைத்திருந்ததால், நடுவில் எது எங்கே நிற்கிறது என்று கணினிக்குத் தெரிய வழியே இல்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஆர்டரை ரிலீஸ் செய்தவுடன் மென்பொருள் அதற்கான ஸ்டேட்டர் கோரையும் கம்பியையும் அந்த ஆர்டர் பேரில் ஒதுக்கிவிடும். அடுத்த மாதம் 20-ஆம் தேதி போக வேண்டிய ஆர்டர் முன்கூட்டியே ரிலீஸ் ஆகி, கோரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நாளை போக வேண்டிய ஆர்டருக்கு 'இருப்பு இல்லை' என்று திரை காட்டும். ஸ்டோர்ஸில் கோர் அடுக்கியிருப்பது கண்ணெதிரே தெரியும். இதைப் பார்த்துத்தான் மேஸ்திரிகள் கணினியை நம்புவதை விட்டார்கள். அவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது.

முன்னுரிமை என்று 1 முதல் 9 வரை ஒரு கட்டம் இருந்தது. ஏறக்குறைய எல்லா ஆர்டரிலும் 1. உண்மையான முன்னுரிமை அண்ணனின் போன் வழியாக வந்தது. காலை ஒன்பது மணிக்கு ஒரு வாட்ஸ்அப் பட்டியல், மதியம் ஒரு திருத்தம், மாலை நேரில் ஒரு சத்தம். உடுமலைப் பக்கம் ஒரு டீலர், தென்னந்தோப்புக்காரர் மோட்டார் எரிந்து நிற்கிறார் என்பார். அதுவும் பொய்யில்லை. ஆனால் அந்த ஒரு மோட்டாருக்காகப் பாதியில் நிறுத்திய மூன்று மோட்டாரும் யாரோ ஒரு தோட்டத்துக்காரருடையதுதான்.

எல்லோரும் சொன்ன காரணம், டர்னிங் செய்யும் சிஎன்சி (கணினி இயக்கும்) மெஷின் பற்றாக்குறை. இன்னொரு சிஎன்சி லேத் வாங்க வங்கியில் பேச்சுவார்த்தைகூடத் தொடங்கிவிட்டது. ஆனால் நடந்து பார்த்தால் டர்னிங் முடிந்த உதிரிகள் ரேக் தாண்டி நடைபாதையில் அடுக்கிக் கிடந்தன. வைண்டிங்குக்குள் போகும் வாசலில் ஸ்டேட்டர் கோர் இடுப்பளவு. வைண்டிங்குக்கு அப்பால் அசெம்பிளி ஆட்கள் மதியம் மூன்று மணிக்கு டீ குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். வரிசை எங்கே முடிகிறது என்று பார்த்தால் போதும், அதற்கு மென்பொருள் வேண்டியதில்லை.

பம்பு எண்ணிக்கை கூடவில்லையே, போன வருஷம் முடிந்தது இந்த வருஷம் ஏன் முடியவில்லை என்று தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. பதில் விற்பனைப் பட்டியலில் இருந்தது. கொங்குப் பகுதியில் போர்வெல் ஆயிரம் அடியைத் தாண்டிப் போவது இப்போது சாதாரணம். முன்பு 5 ஹெச்பி கேட்ட டீலர் 7.5 கேட்கிறார், 7.5 கேட்டவர் 12.5 கேட்கிறார். எண்ணிக்கை அதே, ஆனால் ஒவ்வொன்றிலும் வைண்டிங் வேலை கூடியிருக்கிறது. மென்பொருளின் ரூட்டிங்கில், அதாவது எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்ற பட்டியலில், எல்லா ஹெச்பிக்கும் வைண்டிங் ஒரே நேரம்: ஒன்றே கால் மணி.

கூலி நோட்டு

வைண்டிங்கில் 22 பெண்கள், இருவர் இருவராக 11 ஜோடி. ஸ்டேட்டரைப் படுக்கவைத்து ஆளுக்கொரு முனையில் உட்காருவார்கள். ஒருவர் கம்பியை ஸ்லாட்டுக்குள் நுழைக்க, மறுமுனையில் இருப்பவர் இழுத்து, வளைத்து, அடுத்த ஸ்லாட்டில் திருப்பி அனுப்புவார். ஒவ்வொரு சுற்றும் இப்படித்தான். இழுக்கும்போது உறை விளிம்பில் உரசக்கூடாது, தொய்வும் விழக்கூடாது. விரல் நுனியில் டேப் சுற்றியிருப்பார்கள். முடிந்த ஸ்டேட்டரைத் தண்ணீரில் ஊறவைத்து, மெக்கர் கருவியால் காப்பைச் சோதிப்பார்கள். தவறினால் அத்தனையும் உருவி மறுபடி முதலிலிருந்து.

நேரத்தை அளக்க வேண்டும் என்றதும் சூப்பர்வைசர் அக்கா முகம் கொடுக்கவில்லை. ஸ்டாப்வாட்சோடு யார் வந்தாலும் கூலியைக் குறைக்கத்தான் வருவார்கள் என்பது அந்த அறையில் பழைய அனுபவம். அவருடைய மேசையில் ஒரு நீளமான நோட்டு இருந்தது. வைண்டிங் பீஸ் ரேட் கூலி என்பதால் யார், எந்த ஹெச்பி, எத்தனை ஸ்டேட்டர் என்று நாள்தோறும் எழுதிவைக்கிறார். ஹெச்பிக்கு ஒரு ரேட். 12.5 ஹெச்பிக்கு 5 ஹெச்பியைப்போல் இரண்டு மடங்கு. நடுவில் உள்ளவற்றுக்கு அதற்கேற்ற ரேட்.

அந்த ரேட்டுகள் பல வருடம் பேசிப் பேசி நிலைத்தவை. குறைந்த ரேட் வைத்த மாடலை யாரும் எடுக்க மாட்டார்கள், கூடிய ரேட் வைத்த மாடலுக்கு முதலாளி ஒத்துக்கொள்ள மாட்டார். அந்த இழுபறியில் மிஞ்சியது கிட்டத்தட்ட நேரத்தின் விகிதமேதான். ஆகவே 5 ஹெச்பியை மட்டும், அக்காவே கடிகாரம் பார்த்து எழுதித்தரச் சொன்னோம். ஒரு ஜோடிக்கு ஒன்றரை மணி வந்தது. மற்றதைக் கூலி விகிதத்தில் பெருக்கினோம். பிறகு 7.5, 12.5 இரண்டையும் சோதித்தபோது சில நிமிட வித்தியாசம்தான். யாருடைய கூலியும் இதனால் மாறாது என்று தம்பி அந்த அறையில் வந்து நின்று சொன்னார். அது சொல்லப்படாமல் அடுத்த அடி வைத்திருக்க முடியாது.

கணக்கு எளிது. 11 ஜோடி, ஆளுக்கு நிகரமாக 7 மணி, ஆக நாளுக்கு 77 ஜோடி-மணி. மென்பொருளின் ஒன்றே கால் மணிக் கணக்கில் 61 மோட்டார் வரவேண்டும். இப்போதைய கலவையில் சராசரி இரண்டு மணிக்குச் சற்று மேல் என்பதால் 36 தாண்டாது. பதிவேட்டைப் புரட்டினால் நல்ல நாளில் 35, 36. விற்பனையில் கொடுத்த வாக்குறுதி எல்லாம் 50-ஐ நம்பியவை.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

மார்கழியில் வேலை கொஞ்சம் தணிந்திருந்தபோது மாற்றத் தொடங்கினோம். தையில் சீசன் சூடு பிடித்துவிடும்.

தரையில் இல்லாத ஆர்டர்களை மூடினோம். இன்னும் வைண்டிங்குக்கு வராத, தேதி தூரமாக உள்ள ஆர்டர்களின் ரிலீஸைத் திரும்பப் பெற்று ஒதுக்கீட்டை விடுவித்தோம். அன்று மாலையே பல ஆர்டர்களில் 'இருப்பு இல்லை' என்ற சிவப்பு மறைந்தது. சரக்கு புதிதாக ஒன்றும் வரவில்லை.

எல்லா ஒர்க் சென்டரையும் (வேலை நடக்கும் பிரிவையும்) அதனதன் கொள்ளளவுக்குட்பட்டு அட்டவணையிடும் வசதி மென்பொருளில் இருந்தது. விற்றவர்கள் அதைத்தான் பரிந்துரைத்தார்கள். நாங்கள் வைண்டிங்குக்கு மட்டும் அதைப் போட்டோம். முப்பதுக்கும் மேற்பட்ட ஒர்க் சென்டருக்குச் சரியான நேரம் திரட்டி, அதைத் தினமும் பராமரிக்க அங்கே ஆள் இல்லை. ஒன்றில் தவறான எண் இருந்தாலும் மொத்த அட்டவணையும் ஆடும். வைண்டிங்கை 77 மணிக்குள் அடுக்கிவிட்டால், முன்னால் உள்ளவை அதற்குப் பொருள் கொடுத்தால் போதும், பின்னால் உள்ளவை வருவதை வாங்கிக்கொள்ளும்.

அடுத்தது, இருப்பு எங்கே நிற்க வேண்டும் என்பது. சிஎன்சியில் உதிரியைப் பிடிக்கும் ஜா மாற்றி, டூல் அமைத்து, முதல் பீஸ் பார்ப்பதற்கு நேரம் பிடிக்கும். அங்கே பெரிய லாட் ஓடுவது சரி. வைண்டிங்கில் ஒரு ஹெச்பியிலிருந்து இன்னொன்றுக்கு மாறக் கம்பிச் சுருளை மாற்றினால் போதும். ஆனால் பழைய முறையில் சிஎன்சி லாட் அளவே கடைசிவரை ஆர்டரின் அளவாக இருந்தது. ஒரே ஹெச்பியில் 200 மோட்டார் வைண்டிங்கை ஒரு வாரம் அடைத்துக்கொள்ளும். பின்னால் மற்ற ஹெச்பிக்காரர்கள் எல்லோரும் நிற்பார்கள். ஸ்டேட்டர் கோர், ரோட்டார், ஸ்டேஜ் உதிரிகளைக் குறைந்தபட்ச, அதிகபட்ச இருப்பு வைத்து நிரப்புவது என்றும், வைண்டிங்கிலிருந்து மேலே டீலர் ஆர்டர் அளவுக்கே ஓட்டுவது என்றும் பிரித்தோம்.

லீட் டைமை 21-லிருந்து 9 ஆக்கினோம். இதற்குத்தான் எதிர்ப்பு அதிகம். சிஎன்சி பிரிவுப் பொறுப்பாளர் கேட்டார்: "மெஷின் சும்மா நின்னா கரண்டு பில்லும் சம்பளமும் யார் கொடுக்கறதுங்க?" அவருடைய மாத அறிக்கையில் மெஷின் எத்தனை மணி ஓடியது என்பதே அளவுகோல். அந்த அறிக்கையை மாற்றாமல் அவரைக் குறைத்து ஓட்டச் சொல்வது அநியாயம். வைண்டிங் எந்த நாளும் பொருளில்லாமல் நிற்கவில்லை என்பதை அவருடைய அளவுகோலாக மாற்றியபின் இறங்கிவந்தார், அரை மனதாக.

ரிலீஸ் விதி இரண்டு வரிதான். கோர், கம்பி, ரோட்டார் மூன்றும் கையில் இருக்க வேண்டும். வைண்டிங் முறை அடுத்த ஆறு வேலை நாளுக்குள் வர வேண்டும். அந்த ஆறு நாள் வரிசையை யாரும் கலைக்கக்கூடாது. அண்ணனின் போனுக்கு என்ன செய்வது? தினமும் 10 மணியை, அதாவது ஏறக்குறைய ஒன்றரை ஜோடியின் வேலையைக் காலியாக விட்டோம். எரிந்த மோட்டார், வாரண்டி, அவசர டீலர் எல்லாம் அந்த 10 மணிக்குள். எதை முதலில் என்பது அவர் முடிவு. தீர்ந்துவிட்டால் நாளைக்கு. முதல் வாரத்தில் இரண்டு முறை மீறினார். மூன்றாவது முறை, மீறினால் யாருடைய ஆர்டர் எத்தனை நாள் தள்ளும் என்று திரையில் காட்டினார் தம்பி. தள்ளிப்போகும் பெயர்களில் ஒன்று அவருடைய சம்பந்தி ஊர் டீலர். போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நோம்பி நாட்காட்டி

மென்பொருளின் ஆலை நாட்காட்டியில் அரசு விடுமுறை, பொங்கல், ஆயுத பூஜை, தீபாவளி இருந்தன. பம்புக்கு உச்ச சீசன் மாசியிலிருந்து சித்திரை வரை. கிராமத்து மாரியம்மன் கோயில் நோம்பிகளும் (திருவிழாக்களும்) பெரும்பாலும் அதே காலம். வைண்டிங் பெண்கள் சூலூர், அன்னூர், அவினாசிச் சுற்றுவட்டத்து ஊர்க்காரர்கள். மாவிளக்கு எடுப்பது அவர்கள்தான். இதில் இன்னொரு கணக்கும் உண்டு: கட்டிக்கொடுத்த ஊர் நோம்பி ஒன்று, பிறந்த ஊர் நோம்பி ஒன்று. ஆக ஒருவருக்கு இரண்டு. ஜோடியில் ஒருத்தி வராவிட்டால் மற்றவளும் பாதி வேலைதான். புதுக் கையோடு உட்கார்ந்தால் இழுப்பின் வேகம் பொருந்தாது.

முந்தைய வருடங்களின் வருகைப் பதிவேட்டில் பங்குனி மாதச் சரிவு பளிச்சென்று தெரிந்தது. அதை 'ஆப்சென்டிசம்' என்று மாதாந்திர அறிக்கையில் எழுதி, யாரும் எதுவும் செய்யாமல் விட்டிருந்தார்கள்.

அக்காவிடம் எல்லோருடைய இரண்டு ஊர் நோம்பியையும் எழுதித்தரக் கேட்டோம். "ஏனுங் சார், நோம்பித் தேதி கம்ப்யூட்டருக்கு எதுக்குங்?" என்று சிரித்தார். தேதி முன்கூட்டியே யாருக்கும் தெரியாது என்பதும் உண்மை. ஆனால் பெரும்பாலான ஊரில் பூச்சாட்டி, கம்பம் நட்டு, ஏறக்குறைய 15 நாள் கழித்துத்தான் நோம்பி. பூச்சாட்டு நடந்த மறுநாள் அக்கா நோட்டில் எழுதுவார், திட்டமிடல் பையன் அந்த ஜோடியின் மணியை நாட்காட்டியில் கழிப்பான். வரிசை பூட்டுவது ஆறு நாள் என்பதால், 15 நாள் முன்னறிவிப்பு தாராளமாகப் போதும். முகூர்த்த நாட்களும் அப்படியே. இவை பஞ்சாங்கத்தில் முன்பே இருப்பதால் சுலபம்.

இதற்கு ஆன செலவு ஒரு நோட்டும் தினமும் பத்து நிமிடமும். மொத்தத் திட்டத்தில் அதிகப் பலன் கொடுத்தது இதுதான் என்பது என் கணிப்பு.

சூரிய சக்தி ஆர்டர்

பங்குனி நடுவில், 2019-இல் மத்திய அரசு தொடங்கிய பிஎம்-குசும் திட்டத்தின் கீழ் சூரிய சக்தி பம்பு அமைத்துக்கொடுக்கும் ஒப்பந்ததாரர் ஒருவர் வந்தார். 300 மோட்டார், ஐந்து வாரத்தில். விலையும் நன்றாக இருந்தது. பழைய வழக்கப்படி அண்ணன் அங்கேயே கை கொடுத்திருப்பார். இந்த முறை வரிசையில் ஏற்றிப் பார்க்கச் சொன்னார். ஐந்து வாரத்தில் ஏற்றினால் எந்தெந்த டீலருக்கு எத்தனை நாள் தள்ளும் என்று பட்டியல் வந்தது. சீசன் உச்சத்தில் அது முடியாது. 120 முதலில், மீதி வைகாசியில் என்று பேசி முடித்தார்கள். ஒப்பந்ததாரருக்கும் தளம் தயாராகும் வேகம் அவ்வளவுதான் என்பது பேசும்போது தெரிந்தது.

ஆனால் அந்த 120-இலும் ஒரு வாரம் தாமதமானது. சூரிய பேனலில் ஓடும் அந்த மோட்டார் குறைந்த மின்னழுத்தத்துக்கு வடிவமைக்கப்பட்டது. சுற்று குறைவு, கம்பி தடிமன். சுற்று குறைவு என்பதால் வேலையும் குறைவு என்று வடிவமைப்புப் பிரிவு அதே ஹெச்பியின் நேரத்தையே ரூட்டிங்கில் கொடுத்தது. தடித்த கம்பி ஸ்லாட்டில் இழுக்க மறுத்தது, முனையில் வளைக்கச் சிரமம். முதல் மெக்கர் சோதனையில் தவறியவையும் வழக்கத்தைவிட அதிகம். அந்த மாடலுக்குக் கூலி இன்னும் பேசி முடிக்கவில்லை, அக்காவின் நோட்டில் ரேட் எழுதாமல் கிடந்தது. கூலி பேசும்போதே உண்மை நேரம் வெளியே வந்திருக்கும்.

அதன்பிறகு, புது மாடலுக்கு முதல் ஐந்து ஸ்டேட்டர் சுற்றி, கூலி முடிவாகாமல் ரூட்டிங் திறக்கக்கூடாது என்று விதி வைத்தார்கள்.

விளைவு

தை மாதம் முழுக்க நிலைமை முன்பைவிட மோசமாகத்தான் தெரிந்தது. சிஎன்சி மெஷின்கள் நின்றன, நடைபாதை காலியாக, ஆலையே சோம்பலாக இருப்பதுபோல் ஒரு தோற்றம். மூத்த முதலாளி, இவர்களுடைய அப்பா, ஒருநாள் வந்து பார்த்து, "ஆர்டர் இல்லையாப்பா?" என்று கேட்டாராம்.

மாசியிலிருந்து தேதிகள் பிடிபடத் தொடங்கின. முன்பு பத்து ஆர்டரில் நாலு சொன்ன தேதிக்குப் போகும். சித்திரையில் ஏழு, எட்டு. நாள் உற்பத்தி 35-லிருந்து 38-ஐத் தொட்டது. பாதியில் நிறுத்தி மாற்றுவது குறைந்ததுதான் காரணம், புது ஆள் சேர்க்கவில்லை. உற்பத்தி பெருகியது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மாறியது, எது எப்போது வரும் என்று முன்பே சொல்ல முடிந்தது. அதை வைத்து அண்ணன் சில ஆர்டர்களை மறுத்தார். டீலர்கள் கோபப்பட்டார்கள், ஆனால் மறுநாள் வேறு தேதிக்கு ஒத்துக்கொண்டார்கள். தரையில் தேங்கிய சரக்கு பாதிக்கும் கீழே வந்ததில் தாமிரக் கம்பியில் முடங்கிய பணம் வெளியே வந்தது. கணக்குப் பிரிவுக்கு இதுதான் பெரிய செய்தி. சிஎன்சி லேத் கடன் விண்ணப்பத்தை நிறுத்திவைத்துவிட்டு, வைண்டிங்கில் நான்கு புது ஜோடிக்குப் பயிற்சி தொடங்கினார்கள். கை தேர்ச்சி பெற ஏழெட்டு மாதம் ஆகும் என்பது அக்காவின் கணிப்பு.

மென்பொருள் அனுப்பும் 'முன்னே நகர்த்து, பின்னே நகர்த்து' செய்திகள் முன்பு நூற்றுக்கணக்கில் வந்து யாரும் படிக்காமல் கிடந்தன. லீட் டைம் குறைந்து ரிலீஸும் குறைந்தபின் தினமும் இருபதுக்குள் வந்தன. பையன் டீ வருவதற்குள் படித்துவிடுகிறான்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

வைண்டிங் முடிந்ததைத் தனியாகப் பதியும் வழக்கத்தைச் சித்திரையில்தான் கொண்டுவர முடிந்தது. அதை மார்கழியிலேயே செய்திருந்தால் தரையில் நடந்து எண்ணும் வேலை மிச்சமாகியிருக்கும். இதே வேலையை இன்னோர் ஆலையில் தொடங்குபவர்கள் முதல் நாளே அந்த ஒரு ஆபரேஷனை மட்டுமாவது கடைசிக் கழிப்பிலிருந்து பிரித்துவிடுவது நல்லது.

காலியாக விட்ட 10 மணி சீசன் உச்சத்தில் போதவில்லை, ஆனியில் வீணானது. மாதத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும். ஆடியில் 5 ஆக்கிப் பார்க்கிறார்கள்.

நாலு அங்குல லைன் இன்னும் பழைய முறையிலேயே ஓடுகிறது. அங்கே நெருக்கடி வைண்டிங்கில் இல்லை. டெஸ்ட் தொட்டிதான் காரணம்போல் தெரிகிறது, ஆனால் அளந்து பார்க்கவில்லை. ஆறு அங்குலத்தின் அமைப்பை அப்படியே அங்கே நகலெடுக்க விற்பனைப் பிரிவு அவசரப்படுத்துகிறது. தம்பி ஒத்துக்கொள்ளவில்லை, அது சரிதான்.

அசெம்பிளியில் பாதிப் பேர் பீகார், ஒடிசாக்காரர்கள். ஹோலிக்கும் சட் பூஜைக்கும் அவர்கள் கூட்டமாக ஊருக்குப் போவார்கள். ஹோலி மாசியிலோ பங்குனியிலோ வந்து நோம்பியோடு மோதுகிறது. இவர்களுடைய விடுப்பு நோம்பியைவிட முன்பே தெரிந்துவிடும், ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. டிக்கெட் எடுத்தவுடன் சூப்பர்வைசரிடம் தேதியைச் சொல்ல வேண்டும், சொன்னவர்களுக்கு விடுப்பு மறுக்கப்படாது என்று புரட்டாசியில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள், இந்தியிலும் ஒடியாவிலும். முதல் பட்டியல் அக்காவின் நோட்டிலேயே கடைசிப் பக்கத்திலிருந்து எழுதப்படுகிறது.